பேரப்பிள்ளைங்களுக்கு பைபிள் கதை சொன்னா எந்திரிச்சு ஓடுதுங்க, என்ன பண்ணலாம்?

மாயவரத்து தாத்தா:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரிட்டையர்டு வாத்தியார் நான், லீவுக்கு பெங்களூர்லேர்ந்து பேரனும் (11) பேத்தியும் (7) வந்திருக்குதுங்க. ராத்திரி குடும்ப ஜெபம் முடிஞ்சு நோவா, யோசேப்புன்னு ஆரம்பிச்சா பெரியவன் "இத யூடியூப்லயே பாத்துட்டேன் தாத்தா"ங்கிறான், சின்னது தூங்கிடுது. சரின்னு தரங்கம்பாடிக்கு கூட்டிட்டுப் போயி 1706ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கப்பல்ல வந்து எறங்குனது, 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சடிச்சு முடிச்சது, 1718ல கட்டுன புது எருசலேம் கோயில்னு எல்லாம் காட்டுனேன். அதுங்களுக்கு ஐஸ்க்ரீம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு. எங்க அப்பா சொன்னப்ப நாங்க வாயப் பொளந்துட்டு கேட்டோமே, எனக்குத்தான் சொல்ல வரலியோ?

பூண்டி பக்கத்து பொண்ணு:
ஐயா நாங்க ஆர்சி (ரோமன் கத்தோலிக்கம்), ஆனா இது எல்லாருக்கும் ஒண்ணுதான். வேளாங்கண்ணி மோர்க்காரப் பையன் கதைய எங்க அம்மாச்சி மோர் கடையும்போது மட்டும்தான் சொல்லும், மத்த நேரம் எவ்ளோ கெஞ்சினாலும் சொல்லாது. மாதா வந்து கொழந்தைக்கு மோர் கேக்குற எடம் வரைக்கும் மத்து ஓடிட்டே இருக்கும், நாகப்பட்டினத்துக்கு போய் சொல்லுன்னதும் அந்த நொண்டிப் பையன் எந்திரிக்கிறான் பாருங்க, அங்க கயித்த விட்டுரும். வீடே கப்சிப். அப்புறம் எங்க கையில ஆளுக்கு ஒரு உருண்டை வெண்ணெய். இப்ப மிக்ஸியில மோர் அடிச்சாலும் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வருது.

கும்மோணத்தான்:
ஐயா தப்பா நெனைக்காதீங்க, எங்க தாத்தா எந்தக் கதைய எடுத்தாலும் "அதனால நீயும்..."னு என் மார்க் ஷீட்டுல கொண்டு போய் முடிப்பாரு. அந்த "அதனால" வந்ததும் நான் எஸ்கேப். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்கல, 1977 நவம்பர் புயல். நாகப்பட்டினம் பக்கம் இருந்தாங்க, கூரை பிச்சுக்கிட்டு போயிருச்சு, எல்லாரும் கட்டிலுக்கு அடியில, பாட்டி 46ம் சங்கீதத்த மனப்பாடமா சொல்லுது, "ஒரு நதியுண்டு"ன்னு வந்ததும் அடுத்த வரி வர மாட்டேங்குது, ஏன்னா வாய்க்கா தண்ணி வீட்டுக்குள்ளயே வந்துருச்சு. திரும்ப முதல்லேர்ந்து, திரும்ப அங்கயே நிக்குது. "எனக்கு ஜெபமே வரலடா, பயம்தான் வந்துச்சு"ன்னாரு தாத்தா. இப்ப நான் கோயிலுக்கு கிறிஸ்மஸுக்கு போறதோட சரி, ஆனா மழை வலுத்தா அந்த சங்கீதம் தன்னால வாயில வருது.

தஞ்சாவூர் டீச்சர்:
தம்பி சொல்றது கரெக்ட். பைபிள்ல பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவரோட பாட்டி லோவிசாள் விசுவாசத்தத்தானே மொதல்ல சொல்றாரு. ஐயா, சீகன்பால்கு எங்கயும் போயிட மாட்டாரு, வீட்டுல பழைய பைபிள் இருந்தா மொத பக்கத்த தொறந்து காட்டுங்க.

மாயவரத்து தாத்தா:
டீச்சரம்மா, நேத்து எங்க அப்பா பைபிள எடுத்தேன். அட்டை கிழிஞ்சு காடாத்துணி ஒட்டுனது. மொத பக்கத்துல எங்க எல்லார் பொறந்த தேதியும் கட்டைப் பேனா எழுத்துல இருக்கு, ஒரு பேருக்கு நேரா சின்னதா சிலுவை. யாரு தாத்தா இதுன்னான் பெரியவன். என் தம்பிடா, மூணு மாசத்துல போயிட்டான்னேன். "அப்பவும் உங்க அம்மா கோயிலுக்கு போனாங்களா?"ன்னு கேட்டான் பாருங்க. மறைக்கல, ஒரு வருசம் அந்தப் பக்கமே போகலன்னு சொல்லிட்டேன். அப்புறம் ஏன் போனாங்கன்னு ரெண்டும் எந்திரிச்சு உக்காந்துக்கிச்சு. நாளைக்கு சொல்றேன்னு லைட்ட அணைச்சிட்டேன்.