அம்மாவுக்குத் துணையாக ஒரு சின்ன நாய்: பக் சரிவருமா?

மூணாவது மாடி:
சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். நானும் மனைவியும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழாகிவிடும், அதுவரை அம்மா தனியாகத்தான் இருக்கிறார். 66 வயது, மூட்டுவலி. பக் நாய் நடித்த ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்த காலத்திலிருந்தே எனக்குப் பக் மேல் ஒரு கண். ஃபேஸ்புக்கில் ஒருவர் 35 நாள் குட்டி, 12,000 ரூபாய் என்கிறார். ஏசி ஒரு அறையில் மட்டும்தான். வாங்கலாமா?

குறட்டை வீடு:
ஆறு வருஷமாகப் பக் வளர்க்கிறேன், என் உயிர் அது, ஆனாலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாய்க்கு உடம்புச் சூடு இறங்குவதே நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதில்தான், சப்பை மூக்குக்கு அது சரியாக நடக்காது. போன மே மாதம் காலை பத்தரைக்கு இஸ்திரிக் கடைவரை கூட்டிப் போனேன், அவ்வளவுதான் தூரம், திரும்பும்போது படுத்துவிட்டது, நாக்கு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. வயிற்றிலும் காலிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆட்டோவில் டாக்டரிடம் ஓடினோம். பகலில் உங்கள் அம்மா தனியாக இதைச் சமாளிப்பாரா? முகமடிப்பை வேறு தினமும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்றம், புண்.

தடுப்பூசி அட்டை:
35 நாள் குட்டியைத் தொடவே தொடாதீர்கள். மத்திய அரசின் 2017 நாய் விற்பனை விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையே அது தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும்தான் கற்றுக்கொள்ளும். "ஊசி போட்டாச்சு சார்" என்றால் அட்டையில் மருந்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, டாக்டர் கையெழுத்து உண்டா என்று பாருங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், பாதிப் பேர் அதோடு போனை எடுக்க மாட்டார்கள். எங்கள் முதல் குட்டி வந்த நாலாம் நாள் பார்வோ என்ற வைரஸ் நோயில் போய்விட்டது, அதனால் சொல்கிறேன்.

வெள்ளை முடி:
எதற்குக் குட்டி? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூத்திரம் போகும், துடைப்பது யார், மூட்டுவலிக்காரரா? ஈரத்தரையில் வழுக்கினால் என்ன ஆகும்? நாலைந்து வயதான ஸ்பிட்ஸ் பாருங்கள், நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்று கூப்பிடுவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸைத்தான். வெயிலுக்குப் பழகியது, சோறு போட்டால் தின்னும். வெளிநாடு போகிறவர்கள் வளர்ந்த நாயைக் கொடுத்துவிட்டுப் போவது நிறைய நடக்கிறது. வேளச்சேரி சாலையில் உள்ள ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பிலும் கேட்டுப் பாருங்கள். குறை என்றால் காலிங்பெல் அடித்தால் தெருவே கேட்கக் குரைக்கும், வெள்ளை முடி கொட்டி ஒட்டும், கறுப்புப் பேண்ட்டை மறந்துவிடுங்கள். ஆமாம், அம்மாவைக் கேட்டீர்களா?

மூணாவது மாடி:
அதுவரை கேட்கவே இல்லை, நேற்றுத்தான் கேட்டேன். "எனக்கு நாய் பிடிக்கும், லிஃப்ட் ரிப்பேரானால் யார் தூக்கிக்கொண்டு இறங்குவது?" என்றார். பக் திட்டத்தைக் கைவிட்டாச்சு. தாம்பரத்தில் ஒரு வீட்டில் ஐந்து வயது ஸ்பிட்ஸ், பெண், கருத்தடை ஆகிவிட்டது, ஆறு கிலோ. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

வெள்ளை முடி:
உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள், சின்ன நாய்க்கு முதலில் கெடுவது அதுதான். நடக்கும்போது பின்னங்காலைத் தூக்கித் தூக்கித் துள்ளினால் முட்டிச்சில்லு விலகுகிறதோ என்று டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அப்புறம் அது படுத்த பழைய துணி ஒன்றை, துவைக்காமல், கேட்டு வாங்கி வாருங்கள், பழகிய வாசனை இருந்தால் புது வீட்டில் அதற்குக் கொஞ்சம் ஆறுதல்.