10 லிட்டர் ஸ்லிங் பையில் தண்ணீர் பாட்டில் நிற்குமா, நிற்காதா?

தாம்பரம்வாசி:
பயணச் சாமான்கள் பற்றிய விவாத இழையில் நேற்று மலைக்கோட்டை, உடம்புக்குக் குறுக்கே போடும் ஒற்றை வார் ஸ்லிங் பை பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தார். "ஸ்லிங் வாங்கினால் 10 லிட்டர் வாங்கு, அதற்குக் கீழே வாங்குவது காசைக் கரியாக்குவது. லேப்டாப், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், குடை, சார்ஜர் எல்லாம் போட்டாலும் ஜிப் மூடும். ஆபீசுக்கும் அதுதான், சிங்கப்பூருக்கும் அதுதான்." அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்த மாதிரி பேச்சை நம்பி 10 லிட்டர் பை வாங்கியவன் நான். 13 இன்ச் லேப்டாப் போகிறது, அது உண்மை. அதற்கு மேல் ஒரு லிட்டர் பாட்டிலை நிறுத்தினால் கழுத்து வெளியே எட்டிப் பார்க்கிறது. படுக்க வைத்தால் பை பலாப்பழம் மாதிரி உப்புகிறது. காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி அந்தப் பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு கடற்கரை வரை நின்று பாருங்கள், தெரியும். 6 லிட்டர் தாராளம். பாட்டில் கையில் இருக்கட்டும்.

மலைக்கோட்டை:
பாட்டில் நிற்கும். என் பையில் மூன்று வருஷமாக நிற்கிறது. உங்கள் பையில் நிற்கவில்லை என்றால் அது பையின் கோளாறு, இல்லை அடுக்கத் தெரியாத கோளாறு. லேப்டாப் முதுகுப் பக்கம், சார்ஜர் அடியில், பாட்டில் ஓரத்தில். இதற்கெல்லாம் வகுப்பு எடுக்க முடியாது.

நான் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வருஷத்தில் நாலைந்து தடவை போகிறவன். ஸ்கூட் விமானத்தில் கைச்சாமான் 10 கிலோ, இரண்டு உருப்படியும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. டிராலி ஒன்று, ஸ்லிங் ஒன்று. விமானம் நிறைந்துவிட்டால் கேட்டிலேயே டிராலியை வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். அப்போது எல்லாரும் தரையில் உட்கார்ந்து டிராலியைப் பிளந்து பவர் பேங்க்கைத் தேடுவார்கள், அது சரக்கு அறைக்குப் போகக் கூடாது அல்லவா. நான் ஸ்லிங்கைத் தட்டிக் காட்டிவிட்டு நேரே உள்ளே போய்விடுவேன். இது 6 லிட்டரில் நடக்குமா?

தாம்பரம்வாசி:
பவர் பேங்க் 6 லிட்டரில் போகாதா? அது என்ன ஆட்டுக்கல்லா? நான் கேட்டது பாட்டில்.

மலைக்கோட்டை:
நான் சொன்னதும் பாட்டில்தான். நிற்கும்.

ஊசிநூல்:
பை தைப்பதும் பிரித்துத் தைப்பதும் என் தொழில், அதனால் ஒரு வார்த்தை. லிட்டரை வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. பைகளின் கொள்ளளவை அளக்க, தரநிலை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் எஃப் 2153 என்று ஒரு முறை இருக்கிறது. 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளைப் பைக்குள் கொட்டி நிரப்பி, பிறகு அந்த உருண்டைகளை அளப்பார்கள். எல்லாக் கம்பெனியும் அந்த முறைப்படி அளப்பதில்லை, அது வேறு கதை. உருண்டை மூலை முடுக்கெல்லாம் உருண்டு போகும். பாட்டில் போகாது. சாதாரண ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய 27 செ.மீ. உயரம். ஸ்லிங் பெரும்பாலும் அகலம் அதிகம், உயரம் குறைவு. கடைக்கு அளவு நாடா கொண்டுபோங்கள், உள் உயரத்தைப் பாருங்கள். அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் "ஸ்லிங்" என்று எதைச் சொல்கிறீர்கள்? நெஞ்சோடு ஒட்டிக் கிடப்பதா, இடுப்பில் தொங்குவதா? இரண்டும் வேறு வேறு சாமான்.

மலைக்கோட்டை:
ஊசிநூல் அண்ணே, உருண்டைக் கணக்கெல்லாம் சரி. என் பையில் பாட்டில் நிற்கிறது.

தாம்பரம்வாசி:
ஊசிநூல் சொன்னதைப் பார்த்தீர்களா, உயரம் குறைவு. அதாவது பாட்டில் நிற்காது.

ஊசிநூல்:
நான் அப்படிச் சொல்லவில்லை.

மாடித்தோட்டம்:
இதைப் படித்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தண்ணீர் பாட்டில், குடை, டிபன் டப்பா, மடக்கிய துணிப்பை, மாத்திரை, பிள்ளையின் ஸ்வெட்டர் எல்லாவற்றையும் ஒரே தோளில் முப்பது வருஷமாகத் தூக்குகிறோம். அதற்குப் பெயர் ஹேண்ட்பேக். "அதற்குள்ளே என்னதான் வைத்திருப்பாயோ" என்று கேலி செய்யாத ஆண் உண்டா? இப்போது அதே சாமானுக்குக் கறுப்பு நைலான் போட்டு, பக்கிள் வைத்து, ஸ்லிங் என்று பெயர் சூட்டி, லிட்டர் கணக்கில் விவாதிக்கிறீர்கள். நடத்துங்கள்.

மலைக்கோட்டை:
மேடம், ஹேண்ட்பேக் வேறு, ஸ்லிங் வேறு. ஸ்லிங் குறுக்கே வரும், முதுகிலிருந்து நெஞ்சுக்கு ஒரே இழுப்பில் சுற்றி வரும். பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமா, கழற்ற வேண்டியதே இல்லை. அந்த வசதி ஹேண்ட்பேக்கில் இல்லை.

மாடித்தோட்டம்:
நீண்ட வார் வைத்த ஹேண்ட்பேக்கைக் குறுக்கே போட்டால் அதுவும் சுற்றி வரும் சார். எங்கள் அம்மா பஸ்ஸில் அப்படித்தான் போட்டுக்கொள்வார், திருட்டுப் பயத்தால்.

சொல்வேட்டை:
இத்தனை பேர் எழுதியும் ஒருவருக்கும் "தோள்பை" என்ற சொல் நினைவுக்கு வரவில்லையே. ஸ்லிங்காம் ஸ்லிங்.

தாம்பரம்வாசி:
தோள்பை என்றால் ஜோல்னா பை என்று நினைப்பார்கள்.

சொல்வேட்டை:
ஜோல்னாவும் இந்தியிலிருந்து வந்ததுதான். வேண்டுமானால் குறுக்குப்பை என்று சொல்லலாம்.

மலைக்கோட்டை:
கடையில் போய்க் குறுக்குப்பை கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், அரிசிப் பை எடுத்து வருவான். பவர் பேங்க்குக்கு "மின்சேமி" என்று ஆரம்பித்து 40 பதிவு ஓட்டியவர் நீங்கள், மறக்கவில்லை.

சொல்வேட்டை:
அதில் உங்களால் பதில் சொல்ல முடியவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

புதுப்பயணி:
வணக்கம். அடுத்த மாதம் முதல் தடவையாக ஏர் ஏஷியாவில் கோலாலம்பூர் போகிறேன். லேப்டாப் கிடையாது. டேப்லெட், ஒரு மெல்லிய ஸ்வெட்டர், பாஸ்போர்ட், மருந்து, அவ்வளவுதான். எந்த அளவு ஸ்லிங் வாங்கலாம் அண்ணா?

மலைக்கோட்டை:
10 லிட்டர் தம்பி. யோசிக்கவே யோசிக்காதே. தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

தாம்பரம்வாசி:
தம்பி, அந்த விமானத்தில் இரண்டு உருப்படி, சேர்த்து 7 கிலோ. பெரியது 56, 36, 23 செ.மீ. சின்னது 40, 30, 10 செ.மீ. அந்தக் கடைசி 10ஐக் கவனி. 10 லிட்டர் பையில் பாட்டிலைப் படுக்கப் போட்டால் கனம் 10 செ.மீ.யைத் தாண்டும். உன் சாமானுக்கு 6 லிட்டரே அதிகம்.

மலைக்கோட்டை:
முதலில், பாட்டில் படுக்காது, நிற்கும். இரண்டாவது, தோளில் கிடக்கிற பையை எவனும் டேப் வைத்து அளப்பதில்லை. எடை போடுவார்கள், அதுவும் டிராலியைத்தான். அனுபவத்தில் சொல்கிறேன். இணையத்தில் படித்துச் சொல்லவில்லை.

தாம்பரம்வாசி:
அனுபவசாலியிடம் ஒரு சந்தேகம். சிங்கப்பூர் விமானத்தில் ஒரு லிட்டர் தண்ணீரோடு எப்படி ஏறினீர்கள்? வெளிநாட்டு விமானத்துக்கு 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவத்தையும் சோதனையில் விட மாட்டார்களே. மூன்று வருஷமாகப் பாட்டில் நிற்கிறதாம், எதை வைத்து நிற்கிறது?

மலைக்கோட்டை:
காலி பாட்டில் சார். காலி பாட்டிலை விடுவார்கள். சோதனை தாண்டி உள்ளே நிரப்பிக்கொள்வேன். இதுகூடத் தெரியாமல் பயணப் பை பற்றிப் பேச வந்துவிட்டீர்கள்.

மாடித்தோட்டம்:
சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் முதல் முனையத்தில்தானே ஸ்கூட்? அங்கே பாதுகாப்புச் சோதனையே கேட் வாசலில்தான். என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், நானும் போய் வருகிறேன். கடைத்தெருவெல்லாம் சுற்றி, குழாயில் ஆசையாக நிரப்பிக்கொண்டு கேட்டுக்கு வந்தால் அங்கே கொட்டச் சொல்வார்கள். ஆக, திரும்பி வரும்போது உங்கள் பையில் நிற்பது காற்று.

மலைக்கோட்டை:
சில கேட்டுகளுக்கு உள்ளேயும் குழாய் இருக்கிறது மேடம். நான் அங்கே நிரப்புவேன். நான் ஒன்றும் தெரியாமல் பேசவில்லை.

தாம்பரம்வாசி:
காலி பாட்டில் என்று இப்போது சொல்கிறீர்கள். நேற்று "தண்ணீர் பாட்டில்" என்றீர்கள்.

மலைக்கோட்டை:
காலி பாட்டிலும் நிறைந்த பாட்டிலும் ஒரே உயரம்தானே ஐயா!

ஊசிநூல்:
எடை ஒரே எடை இல்லை. கணக்குப் போடுவோம். 13 இன்ச் மேக்புக் ஏர் 1.24 கிலோ. தண்ணீர் ஒரு கிலோ. நல்ல துணியில் தைத்த 10 லிட்டர் பை காலியாகவே முக்கால் கிலோ பக்கம் வரும். சார்ஜர், பவர் பேங்க், குடை சேர்த்தால் மூன்றரையைத் தாண்டிவிடும். இவ்வளவையும் ஒற்றை வாரில், ஒரே தோளில். என்னிடம் ரிப்பேருக்கு வரும் பெரிய ஸ்லிங்குகளில் பாதிக்கு மேல் வார் தைத்த இடம் பிய்ந்துதான் வருகிறது. துணி கிழிந்து வருவது அபூர்வம். வாங்கும்போது அந்த இடத்தில் பெட்டித் தையல் போட்டு, நடுவில் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஓட்டியிருக்கிறானா என்று பாருங்கள். வார் இரண்டு அங்குல அகலமாவது இருக்கட்டும். மூன்று கிலோவுக்கு மேல் தினமும் தூக்குகிறவர் முதுகுப் பை வாங்குவதே நல்லது.

மலைக்கோட்டை:
என் பை 1680 டெனியர் நைலான். பிய்யாது. சந்தையில் 500 டெனியர் விற்கிறார்கள், அதைப் போல மூன்று மடங்கு பலம்.

ஊசிநூல்:
டெனியர் பலத்தின் அளவு இல்லை தம்பி. 9000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பதுதான் டெனியர். 1680 என்றால் இழை தடிமன், அதனால் பையும் கனம். நெசவு எப்படி, நைலானா பாலியஸ்டரா என்பதெல்லாம் சேர்ந்துதான் பலம். 500 டெனியரில் கார்டுரா கம்பெனித் துணி தினசரிப் பைக்குத் தாராளம்.

மலைக்கோட்டை:
கார்டுரா கம்பெனிக்கு ஏஜென்ட் வேலை எப்போதிலிருந்து?

ஊசிநூல்:
என் கடைக்கு வந்து பாருங்கள். டீ வாங்கித் தருகிறேன். ஏஜென்ட் கமிஷன் வந்தால் பஜ்ஜியும் வாங்கித் தருகிறேன்.

தாம்பரம்வாசி:
மழை பற்றி ஒருவரும் பேசவில்லை. நவம்பரில் பல்லாவரத்தில் இறங்கி நடந்தேன், ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருந்த காகிதமெல்லாம் கூழ். விற்கும்போது வாட்டர்ப்ரூஃப் ஜிப் என்றார்கள்.

ஊசிநூல்:
ஜிப் கம்பெனி ஒய்கேகேயின் அக்வாகார்ட் ஜிப்பே தண்ணீரைத் தள்ளிவிடும் வகைதான், முழுக்கத் தடுக்கும் வகை இல்லை. வெளியே பூச்சு பூசிய ஜிப் அது. கொட்டுகிற மழையில் நின்றால் ஓரத்தில் இறங்கத்தான் செய்யும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு வையுங்கள்.

சொல்வேட்டை:
தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கவருக்கு 2019 ஜனவரி முதல் தடை என்பதை அறிவீர்களா?

ஊசிநூல்:
ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியும் கவருக்குத்தான் தடை. நான் பத்து வருஷமாக ஒரே கவரை வைத்திருக்கிறேன்.

மாடித்தோட்டம்:
பேசாமல் எல்லாரும் மஞ்சப்பை வாங்குங்கள். ஜிப்பே கிடையாது, மூடுமா மூடாதா என்ற கவலை இல்லை. பாட்டில் நிற்கவும் நிற்கும்.

மலைக்கோட்டை:
பாருங்கள், எல்லாரும் விஷயத்திலிருந்து ஓடுகிறீர்கள். நான் சொன்னது ஒன்றே ஒன்று. 10 லிட்டர் ஸ்லிங்கில் ஒரு லிட்டர் பாட்டில் நிற்கும். அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. அதனால் வார், டெனியர், மழை, மஞ்சப்பை என்று சுற்றுகிறீர்கள். தாம்பரம்வாசிக்கு என்மேல் பழைய கோபம். போன வருஷம் டிராலிச் சக்கரம் இரண்டா நாலா என்ற இழையில் நான் சொன்னதுதான் கடைசியில் சரியாக வந்தது, அதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

தாம்பரம்வாசி:
எங்கே சரியாக வந்தது? நீங்கள் கடைசியாக எழுதினீர்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் தூங்கப் போய்விட்டோம்.

புதுப்பயணி:
அண்ணா, 6ஆ 10ஆ? ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறேன்.

மலைக்கோட்டை:
10.

தாம்பரம்வாசி:
6.

சொல்வேட்டை:
எதை வாங்கினாலும் தோள்பை என்று கேட்டு வாங்கவும்.

மலைக்கோட்டை:
சரி, பேச்சு எதற்கு? இதோ படம் போட்டிருக்கிறேன். என் பை, என் லேப்டாப், என் பாட்டில். ஜிப் மூடியிருக்கிறது. அடுத்த படத்தில் ஜிப் திறந்திருக்கிறது. பாட்டில் நிற்கிறது. இனி யாருக்காவது பேச வாய் இருக்கிறதா?

தாம்பரம்வாசி:
அது 750 மில்லி பாட்டில்.

மலைக்கோட்டை:
ஒரு லிட்டர். படத்தைப் பெரிதாக்கி லேபிளைப் பாருங்கள்.

தாம்பரம்வாசி:
லேபிளில் எண் இருக்கிற பக்கம் லேப்டாப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. ஏன் திருப்பி வைத்தீர்கள்?

மாடித்தோட்டம்:
அதைவிட, பாட்டில் சாய்ந்து அல்லவா இருக்கிறது? இதற்குப் பெயர் நிற்பதா?

மலைக்கோட்டை:
சாய்ந்து நிற்பதும் நிற்பதுதான்.

தாம்பரம்வாசி:
அப்போது நேராக நிற்காது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

மலைக்கோட்டை:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக் காலை வெளிச்சத்தில் வேறு படம் போடுகிறேன்.

ஊசிநூல்:
பக்கத்தில் ஒரு அளவு நாடாவும் வைத்து எடுங்கள்.

மலைக்கோட்டை:
நாடா எதற்கு?