டயாலிசிஸ் நேரத்தில் பாட்டும் கால் பயிற்சியும்: அப்பாவின் இதயத்துக்கு உதவுமா?

நெல்லை மகள்:
அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரையால் கிட்னி போய், ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ். போன வாரம் எக்கோ எடுத்ததில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது என்றார் டாக்டர். நடமாட்டம் வேண்டும் என்றும் சொன்னார், ஆனால் எப்போது, எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிஷினில் இருந்து வந்தால் அப்பா சுருண்டு படுப்பவர் மறுநாள்தான் எழுந்து உட்காருகிறார், இதில் எங்கே நடப்பது? ஆனால் ஒன்று கவனித்தேன். டயாலிசிஸ் ஓடும்போது போனில் பழைய பாட்டு போட்டால் போர்வைக்குள் அவர் வலது கால் தாளம் போடுகிறது. மற்ற நேரம் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடப்பார். இதை வைத்து ஏதாவது செய்யலாமா?

ஏழு வருட ஃபிஸ்டுலா:
தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி, நானே செய்கிறேன். படுக்கையின் கால்மாட்டில் சின்ன பெடல் சைக்கிளை வைத்துப் பட்டை போட்டுக் கட்டிவிடுவார்கள், ஊசி இருக்கும் கையை அசைக்காமல் கால் மட்டும் சுற்ற வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் தண்ணி நிறைய இறங்கியிருக்கும், பிரஷர் விழும், நான் ஒருமுறை மூன்றாவது மணியில் மிதித்துக் கண் இருட்டி, சலைன் ஏற்றித்தான் தெளிந்தேன். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள், அலாரமும் டெக்னீஷியன் கூப்பிடுவதும் கேட்க வேண்டும்.

பிசியோ வேலை பார்ப்பவள்:
டயாலிசிஸில் இருப்பவர்களின் இறப்புக்கு முதல் காரணம் இதயக் கோளாறுதான், அதனால் உங்கள் கவலை சரியானதே. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே உடம்பில் சேரும் தண்ணீரும் ஏறிய பிரஷரும் இதயத்தைத் தொடர்ந்து அழுத்த, சுவர் தடிக்கிறது. சேர்ந்த அத்தனையையும் நாலு மணி நேரத்தில் வேகமாக எடுக்கும்போது இதயத் தசைக்குப் போகும் ரத்தமும் குறைகிறது.

இங்கிலாந்தின் லெஸ்டரில் 130 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2021-ல் வெளியிட்டார்கள். டயாலிசிஸின்போதே வாரம் மூன்று முறை அரை மணி நேரம் என்று ஆறு மாதம் மிதித்தவர்களுக்கு, மிதிக்காதவர்களோடு பார்க்கும்போது, இடது கீழறையின் எடை சுமார் 11 கிராம் குறைந்திருந்தது. இத்தாலியில் வேறு விதமாகச் செய்தார்கள், டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வீட்டிலேயே பத்துப் பத்து நிமிடம் மெதுநடை, அதுவும் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் தட்டுக்கு அடி வைத்து. ஆறு மாதத்தில் ஆறு நிமிட நடைத் தூரம் 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராகக் கூடியது. அப்பாவின் கால் போடும் தாளம் வீணில்லை, சீரான தாளமுள்ள பாட்டு அதே வேலையைச் செய்யும்.

வேகத்துக்கு ஒரு அளவு: மிதித்துக்கொண்டே பேச முடிய வேண்டும், கூடவே பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். நாடியை எண்ணி முடிவு செய்யாதீர்கள், பிரஷர் மாத்திரைகளில் சில நாடியையே மட்டுப்படுத்தும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு டயாலிசிஸ் தவறிய நாள், எடை வழக்கத்தைவிட அதிகமாக ஏறிய நாள், இப்போதெல்லாம் வேண்டவே வேண்டாம். தொடை இடுக்கில் டியூப் போட்டிருந்தாலும் மிதிக்கக் கூடாது. முதலில் எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டி டாக்டரின் சம்மதம் வாங்குங்கள்.

சேலம் அக்கா:
என் வீட்டுக்காரருக்கு ஊசி குத்தும்போதே பாட்டைப் போட்டுவிடுவேன், கை இறுக்கம் விடும். கடைசி ஒரு மணி நேரத்துக்கு மெதுவான பாட்டு, அப்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கி அழுத்திக் கொடுங்கள்.

நெல்லை மகள்:
எல்லோருக்கும் நன்றி. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, முதலில் ஐந்து நிமிடம் மட்டும் மிதித்து ஆரம்பிக்கலாம் என்றார். நேற்று இரண்டாவது மணி தொடங்கும் முன் மிதித்தார். பிரஷர் 140-லிருந்து 134, அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும் காலை நிறுத்தி, "அடுத்ததைப் போடும்மா" என்றார். இன்றைக்குப் போதும் அப்பா, நாளை மறுநாள் என்று போனை வாங்கிக்கொண்டேன்.