மலையாற்றில் கயாக்: மீட்புப் பயிற்சி முதலிலா, பிறகா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். முட்டுக்காடு உப்பங்கழியில் கயாக் ஓட்டிப் பழகியவன் நான். நீச்சலும் நன்றாக வரும். வரும் ஆடி மாதத்தில் கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரிக்குச் சென்று, சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் மழைக்கால நீரோட்டத்தில் பயில எண்ணியிருக்கிறேன். லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போதும், மீட்பது வழிகாட்டியின் வேலை என்று உடன் வரும் நண்பர் சொல்கிறார். கவிழ்ந்த கயாக்கை உள்ளிருந்தபடியே நிமிர்த்தும் ரோலை முதலில் கற்பதா, மீட்பு முறைகளைக் கற்பதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

இரண்டுக்கும் முன்னால், ஓடும் நீரில் நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். ரோல் கைவரும்வரை நீங்கள் கயாக்கைவிட்டு வெளியேறி நீந்தத்தான் போகிறீர்கள், உப்பங்கழி நீச்சல் அங்கே பாதிக்குத்தான் உதவும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

விழுந்தவருக்கு உடனே தோன்றுவது, காலை ஊன்றி எழுந்து நிற்கலாம் என்பதே. இரு பாறைகளுக்கு இடையில் பாதம் சிக்கிவிட்டால், பின்னாலிருந்து வரும் நீர் உடலை முன்னோக்கிச் சாய்த்து முகத்தை அமுக்கிவிடும். இடுப்பளவு நீரில், லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கும்போதே இது நேர்கிறது. ஆகவே மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீர்மட்டத்தில் தெரியும்படி மிதக்க வேண்டும். அப்படியே மிதந்துகொண்டே போய்விடவும் கூடாது. பாறைக்குப் பின்னால் நீர் அடங்கியிருக்கும் இடம் தென்பட்டதும் குப்புறத் திரும்பி, நீர் வரும் திசையை நோக்கிச் சற்றே சாய்வாக முழு வலுவுடன் நீந்தி அதற்குள் நுழைந்துவிட வேண்டும்.

ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரத்துக்கு மட்டும் முறை நேர்மாறானது. கிளைகளுக்கிடையே நீர் போய்விடும், ஆள் போக முடியாது. விலக வழியில்லை என்றால் தலை முன்னே இருக்கும்படி அதை நோக்கி வேகமாக நீந்தி, உடலைத் தூக்கி அடிமரத்தின்மேல் ஏறிவிட வேண்டும். கால் முன்னே சென்றால் நீர் உங்களைக் கீழே இழுத்துச் செருகிவிடும்.

பதில் 2

மேலே உள்ளவர் கூறியதை அப்படியே ஏற்கிறேன். எறிகயிற்றைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பெரும்பாலும் 15 முதல் 20 மீட்டர் நீளமுள்ள, நீரில் மிதக்கும் கயிறு ஒரு பைக்குள் இருக்கும். கயிற்றின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு பையை எறிய வேண்டும். எறியும் முன் "கயிறு!" என்று உரக்கக் கத்தி, நீரில் விழுந்தவர் உங்களைப் பார்க்கும்படி செய்யுங்கள், பை அவர் தலையைத் தாண்டி விழ வேண்டும், கயிறு அவர் மார்பின்மேல் படிய வேண்டும். அவர் பையை அல்ல, கயிற்றைப் பற்றி, கரையிலிருந்து தள்ளியிருக்கும் தோளின்மேல் அதைப் போட்டுக்கொண்டு மல்லாந்தால், நீரே அவரைக் கரைக்கு ஒதுக்கிவிடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதோ உடலில் கட்டிக்கொள்வதோ இருவருக்குமே ஆகாது.

எங்கே நின்று எறிவது என்பது எறியும் திறனைவிட முக்கியம். அவர் ஒதுங்கப்போகும் கரையில், நீரோட்டத்தின் திசையில் மரமோ பாறை இடுக்கோ இருந்தால், கயிற்றைக் கொடுத்து அவரை அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்தவராவீர்கள். முதல் எறி தவறினால் பையில் மறுபடி திணித்துக்கொண்டிருக்க நேரமிராது. கயிற்றை வளையங்களாகச் சேர்த்து உடனே எறியுங்கள். இதையெல்லாம் இப்போதே திடலில் பழகலாம், ஆறு தேவையில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மீட்புக்கென்றே வரும் லைஃப் ஜாக்கெட்டில் கயிறு பூட்டும் வார்ப்பட்டை இருக்கிறதே, அதையும் இப்போதே வாங்கிவிடலாமா?

பதில் 3

வேண்டாம். இழுவிசை தாங்க முடியாமல் போகும்போது ஒரே இழுப்பில் கழன்றுகொள்ள அமைந்தது அந்தப் பட்டை. அதைக் கழற்றிப் பழகாதவர் உடலில் அது வெறும் கட்டுக்கயிறு. ரெஸ்க்யூ 3 போன்ற அமைப்புகளின் பாடத்திட்டத்தில் பயிற்சி பெற்றபின் வாங்குங்கள். இப்போதைக்கு ஒரு விசிலும் உடலோடு நன்கு பொருந்தும் சாதாரண லைஃப் ஜாக்கெட்டும் போதும். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். துடுப்பைக் குறுக்காக உயர்த்தினால் நில், செங்குத்தாக உயர்த்தினால் வா.

உங்கள் நண்பரின் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. வழிகாட்டியே கவிழ்ந்தால் கயிற்றை எறிய வேண்டியவர் நீங்கள்தான். கரையிலிருந்து கையையோ துடுப்பையோ நீட்டுவது, கயிறு எறிவது, படகில் செல்வது என்ற வரிசையில் முயன்று, நீரில் குதிப்பதைக் கடைசிக்கு வைக்க வேண்டும்.

நம் ஊர்த் தடுப்பணைகளையும் குறிப்பிட வேண்டும். சீறும் பாறைச் சரிவைக் கண்டு அஞ்சுபவர்கள், கரைமுதல் கரைவரை ஒரே சீராக நீர் வழியும் தடுப்பணையைப் பார்த்து, இறங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அணையின் அடிவாரத்தில் மேல்மட்ட நீர் திரும்பி அணையை நோக்கியே உருள்வதால் விழுந்தவர் மீண்டும் மீண்டும் உள்ளிழுக்கப்படுவார். பக்கவாட்டில் வெளியேற இடைவெளியும் இராது. தடுப்பணை வந்தால் கயாக்கைத் தோளில் சுமந்து கரைவழியே கடந்துவிடுங்கள்.