'ஆட்டிசம் உள்ளவர்' என்பதா, 'ஆட்டிச நிலையாளர்' என்பதா?

மறைமதி: 34 வயதில்தான் எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. அழவில்லை, நிம்மதியாக இருந்தது. அதுவரை யாரிடம் பேசினாலும் அவர் புருவ நடுவைப் பார்ப்பேன், மனசுக்குள் மூன்று எண்ணுவேன், பார்வையை எடுப்பேன். அவர் சொன்னதில் பாதி காதில் ஏறாது. இப்போது தரையைப் பார்த்துத்தான் பேசுகிறேன், எல்லாம் கேட்கிறது. காய்ச்சல் இருக்கிற மாதிரி 'ஆட்டிசம் இருக்கு' என்று என்னைச் சொல்லாதீர்கள். அதைக் கழித்தால் மிஞ்சுவது வேறு யாரோ.

செல்வராணி: என் மகனுக்கு 19 வயது, பேச்சு வராது. போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு நெற்றியைச் சுவரில் மோதி மோதி ஒரே ரத்தம். இதுவும் அடையாளமா தம்பி? பேச்சு தாமதமாகாத ஆட்டிசத்துக்கு முன்பு ஆஸ்பெர்கர் என்று தனிப்பெயர் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறியும் கையேடான டிஎஸ்எம்-5, 2013இல் அதை எடுத்துவிட்டது. அதிலிருந்து உங்களுக்கும் அவனுக்கும் ஒரே பெயர். பேச முடிந்தவர்கள் பேசுகிறீர்கள், அவன் கணக்கிலேயே வருவதில்லை.

கார்மேகம்: எனக்கு வலிப்பு. அதுவும் மூளை சம்பந்தப்பட்டதுதான். மாத்திரையில் அடக்கி வைத்திருக்கிறேன், 'இதுதான் நான்' என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

மறைமதி: கார்மேகம், வலிப்பு வராத நேரம் என்று உங்களுக்கு ஒன்று உண்டு. ஆட்டிசம் இல்லாத நிமிஷம் எனக்குக் கிடையாது. எங்களில் ஒருவரான ஜிம் சின்க்ளேர் 1993லேயே ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர்களிடம் சொன்னார்: ஆட்டிசம் ஓடு அல்ல, உள்ளே வேறொரு குழந்தை அடைபட்டுக் கிடக்கவில்லை.

அக்கா, அந்த ரத்தத்தை அடையாளம் என்று நான் சொல்லவே மாட்டேன். அதை நிறுத்தியே ஆகவேண்டும். பல்லைப் பார்த்தீர்களா? சொல்லத் தெரியாத வலியால் இப்படி மோதிக்கொள்பவர்கள் உண்டு. 'ஆட்டிசம், அப்படித்தான்' என்று சோதிக்காமலே அனுப்பிவிடுகிறார்கள்.

செல்வராணி: காது பார்த்தோம், வயிறு பார்த்தோம். பல் பார்க்கவில்லை, வாயைத் திறக்கவே விடமாட்டான்.

ஒன்று சொல்கிறேன். துணி துவைக்கிற மெஷின்மேல் கன்னத்தை வைத்து, அது போடுகிற சத்தத்தின் சுருதியிலேயே முனகுவான். வேகம் கூடினால் இவன் குரலும் ஏறும். பயிற்சி தருபவர் அதை நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. அந்த முனகல் என் பிள்ளை, அது எனக்குத் தெரியும். ஆனால் 2021இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், எந்நேரமும் துணை தேவைப்படுகிறவர்களுக்குத் தனிப்பெயர் வைக்கச் சொன்னதே, அந்தப் பெயர் எனக்கு வேண்டும்.

மறைமதி: அங்கேதான் எனக்குப் பயம். அந்தப் பெயரை ஒட்டினால் 'இவனுக்கு ஒன்றும் புரியாது' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

செல்வராணி: அதை எப்போதோ கட்டிவிட்டார்கள். பெயர் இருந்தால் ராத்திரிக்கு ஒரு ஆளாவது கேட்டு வாங்கலாம். இதில் உங்களோடு ஒத்துப்போக முடியாது.

பல் டாக்டரிடம் நீங்கள் எப்படிப் போகிறீர்கள்?

மறைமதி: முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வருவதோடு சரி. எந்தக் கருவியையும் ஓடவிட வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுவேன். விளக்கு வெளிச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. மூன்றாவது தடவைதான் வாயைத் திறந்தேன்.