மேக்னெட்டோவா, எலக்ட்ரானிக்கா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள், பழுதுபார்க்கிறவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். இன்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்கும் பொறிக்குப் பழைய மேக்னெட்டோ நல்லதா, எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்லதா என்பதுதான் கேள்வி. நானே ஆரம்பிக்கிறேன்.

அரிசோனாவில் பயிற்சி எடுத்த சமயம், செஸ்னா 172-ல் தனியாக ஒரு நீண்ட பயணம். பாதி வழியில் வோல்டேஜ் விளக்கு எரிந்தது. ஆல்டர்னேட்டர் சுவிட்சை அணைத்துப் போட்டும் பலனில்லை. கொஞ்ச நேரத்தில் ரேடியோ கரகரத்து ஓய்ந்தது. மெதுவாகத் தரையிறங்க உதவும் ஃபிளாப் என்கிற இறக்கைத் தட்டு, அந்த விமானத்தில் அது இறங்குவதும் மின்சாரத்தில்தான், அதுவும் போச்சு. இன்ஜின் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல ஓடிக்கொண்டிருந்தது. மேக்னெட்டோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்று வகுப்பில் படித்ததுதான். ஆனால் அன்றைக்குத்தான் அது மண்டையில் இறங்கியது. இன்ஜினோடு சுற்றும் காந்தம், ஒரு காயில், காண்டாக்ட் பாயிண்ட், கண்டென்சர், அவ்வளவுதான். அப்படி இரண்டு மேக்னெட்டோ, சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஃபிளாப் இல்லாமல் வேகமாக இறங்கி, ரன்வேயில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டு நின்றேன்.

இப்போது நான் பறக்கும் கிளப்பில், ஒரு மேக்னெட்டோவைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்று பேச்சு. எனக்கு மனசு ஒப்பவில்லை.

*

தம்பி, உங்களைக் காப்பாற்றிய அதே குணம்தான் ஹேங்கரில் எங்களைக் கொல்லப் பார்க்கும். நான் பராமரிப்பு இன்ஜினியர், பெரும்பாலும் பயிற்சி விமானங்கள்.

மேக்னெட்டோவை நிறுத்துவது என்றால், பி-லீட் என்கிற ஒற்றை வயர் வழியாக அதை எர்த் செய்வது. அந்த வயர் அறுந்துவிட்டால், சாவி ஆஃபில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். ஒருநாள் வேலை முடிந்து விமானத்தை ஒதுக்கி நிறுத்தும்போது, உதவிக்கு வந்த பையன் பிளேடு நேராக நிற்கட்டும் என்று ப்ரொப்பெல்லரைக் கையால் லேசாகத் திருப்பினான். 'டக்' என்றது. சிலிண்டருக்குள் ஒருமுறை பற்றிக்கொண்டு, பிளேடு அரைச்சுற்று பாய்ந்தது. அவன் முழங்கைக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. மத்தியானம் அவன் சாப்பிடவே இல்லை.

கையால் மெதுவாகத் திருப்பினால் எப்படிப் பொறி வரும் என்று கேட்பீர்கள். வெறும் மேக்னெட்டோவாக இருந்தால் வருவது கஷ்டம்தான். ஆனால் பல இன்ஜின்களில் இடது மேக்னெட்டோவில் இம்பல்ஸ் கப்ளிங் இருக்கும். உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கிக்கொண்டே வந்து, சட்டென்று விடுபட்டுக் காந்தத்தைச் சுண்டிவிடும். அந்த 'டக்' அதன் சத்தம். இன்ஜின் கிளம்புவதற்காக வைத்தது அது, பொறியைத் தாமதப்படுத்தவும் செய்யும். இல்லாவிட்டால் பிஸ்டன் உச்சிக்கு வர 25 டிகிரி இருக்கும்போதே விழும் பொறி, மெதுவாகச் சுற்றும் இன்ஜினைப் பின்பக்கமாக உதைத்துவிடும்.

அதனால் இன்ஜினை நிறுத்துவதற்கு முன் ஐடிலில் வைத்து, சாவியை ஒரு நொடி ஆஃபுக்குத் திருப்பி, இன்ஜின் அடங்கப் போகிறதா என்று பாருங்கள். அடங்கவில்லையா, ப்ரொப்பெல்லர் பக்கம் ஒருத்தரையும் விடாதீர்கள்.

எலக்ட்ரானிக்கில் தேய்வதற்குப் பாயிண்ட் கிடையாது. 500 மணி நேரத்துக்கு ஒருமுறை மேக்னெட்டோவைப் பிரித்துப் பார்க்கிற எனக்கு அது பெரிய நிம்மதி, மறுக்க மாட்டேன்.

*

நான் டெக்ஸஸில் இருக்கிறேன். நானே கட்டிய இரண்டு சீட் விமானம், லைக்கமிங் ஓ-320 இன்ஜின். இடது மேக்னெட்டோவை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போட்டேன். வலதை அப்படியே விட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மேக்னெட்டோவின் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், ஒரே இடத்தில் நிற்கும். எலக்ட்ரானிக் அப்படியில்லை. மேலே போகப் போக இன்ஜினுக்குள் போகும் காற்று குறையும், கலவை நிதானமாக எரியும், அதற்கேற்றபடி பொறியை முன்னால் தள்ளும். லீன் செய்தால், அதாவது கலவையில் எரிபொருளைக் குறைத்தால், முன்பு உதறிய இன்ஜின் இப்போது உதறுவதில்லை. சூடான இன்ஜினைத் திரும்பக் கிளப்ப முன்பெல்லாம் ஊரே வேடிக்கை பார்க்கும், இப்போது உடனே பிடிக்கிறது. சிலிண்டர் சூடு கொஞ்சம் ஏறியிருக்கிறது, கோடையில் மேலே ஏறும்போது ஒரு கண் அதில்தான். ரன்-அப்பில், அதாவது கிளம்புவதற்கு முன் செய்யும் இன்ஜின் சோதனையில், ஒரு வேடிக்கை உண்டு. மேக்னெட்டோவை அணைத்தால் ஆர்பிஎம் அசையவே மாட்டேன் என்கிறது. எலக்ட்ரானிக்கை அணைத்தால் நன்றாகக் குறைகிறது. முதல்முறை மேக்னெட்டோவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது கெட்டது. ஒரு சின்ன ஊரில் இரவு தங்கினேன், மாஸ்டர் சுவிட்சை அணைக்க மறந்து. காலையில் பேட்டரி காலி. சரி, கையால் சுற்றிக் கிளப்பலாம் என்று போனவன் ப்ரொப்பெல்லரில் கை வைத்த பிறகுதான் யோசித்தேன். பேட்டரி இல்லாமல் எலக்ட்ரானிக்கில் பொறி வராது. மிச்சமிருப்பது வலது மேக்னெட்டோ, அதில் இம்பல்ஸ் கப்ளிங் இல்லை. அந்தப் பாழாய்ப்போன கப்ளிங், நான் கழற்றி வீட்டு அலமாரியில் வைத்த மேக்னெட்டோவில் இருக்கிறது! மேலே அண்ணன் சொன்ன அந்த உதை ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டேன். ஜம்பர் கேபிளோடு ஒருவர் வந்து சேரப் பதினொரு மணி ஆனது.

*

சார், எலக்ட்ரானிக் என்றாலே பேட்டரி வேண்டும் என்பதில்லை. பெங்களூரு ஜக்கூரில் நான் ஓட்டிய மைக்ரோலைட்டில், அதாவது எடை குறைந்த குட்டி விமானத்தில், ரோட்டாக்ஸ் 912 இன்ஜின். அதில் இரண்டு எலக்ட்ரானிக் சர்க்யூட், இரண்டுக்கும் இன்ஜினுக்குள்ளேயே தனித்தனிக் காயில். பறக்கும்போது பேட்டரி செத்தாலும் பிளக்குக்குக் கவலையில்லை. ஆனால் பாதி செத்த பேட்டரியோடு கிளம்பப் பார்த்தால் நடக்காது. ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுற்றினால்தான் பொறியே வரும். குளிர்காலக் காலையில் இதற்காகவே பலமுறை வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். அப்புறம், இதில் இக்னிஷன் செக் 4000 ஆர்பிஎம்மில். 172-லிருந்து வருகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே மிரளுவார்கள்.

*

ஆரம்பித்தவன்தான் திரும்ப எழுதுகிறேன். டெக்ஸஸ் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று கிளப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: கழற்றப் போவது எந்தப் பக்கத்து மேக்னெட்டோவை? ஒருத்தர் இடது என்றார், ஒருத்தர் வலது என்றார். கப்ளிங் எதில் இருக்கிறது என்று கேட்டதற்கு, எல்லாரும் எழுந்து இன்ஜின் மூடியான கவுலிங்கைத் திறக்கப் போனார்கள்.