கொங்குச் சாயலில் மாநாட்டு மையம்: எதைக் கட்டுவது, எதை விடுவது?

நொய்யல்கரை:
வணக்கம். கோவையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். காங்கயத்துக்கும் பெருந்துறைக்கும் இடையே ஐந்து ஏக்கர் மேட்டுக்காட்டில், 1,500 பேர் அமரும் அரங்கும் பொருட்காட்சிக் கூடமும் கொண்ட மாநாட்டு மையத்துக்கு வரைபடம் போடும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. நம் ஊர்ப் பண்பாடு தெரிய வேண்டும் என்று கேட்ட குழுவினர், நுழைவாயிலில் கோபுரம், உள்ளே செட்டிநாட்டுத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும், முகப்பில் சிமென்ட்டில் ஒரு காங்கயம் காளை என்று பட்டியலும் தந்துவிட்டார்கள். செட்டிநாடு நம் ஊர் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்குப் பதிலாக எதைக் காட்டுவது? கொங்கு வீடுகளில் கண்ணைக் கவரும் வேலைப்பாடு குறைவு அல்லவா?

திண்ணைவாசி:
அம்மணி, வேலைப்பாடு இருக்குமிடம் வேறு. பேரூர்க் கனகசபையில் தூணுக்குத் தூண் சிற்பம் இருக்கிறது. ஆனால் அது கோயில், குடியானவர் வீட்டில் யாரும் அப்படிச் செதுக்கிக்கொண்டதில்லை. தாராபுரம் பக்கத்தில் என் பாட்டனார் கட்டிய, நடுவில் திறந்த முற்றம் உள்ள தொட்டிக்கட்டு வீட்டின் திண்ணைத் தூண்கள் வெறும் உளி கொத்திய கல். உட்கார்ந்தவர்கள் முதுகைச் சாய்த்துச் சாய்த்து, தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில் மட்டும் அவை எண்ணெய் தடவியதுபோல் வழுவழுவென்று இருக்கும். அந்த வீட்டில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது தூணை அன்று, வரிசையை: தெருவெயிலிலிருந்து திண்ணை நிழல், அங்கிருந்து ஆசாரம் என்கிற கூடம், ஆசாரத்தின் முன்னே வெயிலும் மழையும் நேராக இறங்கும் வாசல், அதாவது அந்த முற்றம். யார் எதுவரை வரலாம் என்று சாதி பார்த்துப் பிரிக்கவும் அந்த வரிசை பயன்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதை விட்டுவிட்டு, கண்ணையும் உடம்பையும் படிப்படியாக நிழலுக்குப் பழக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு மேசையும் தேநீரும் ஆசாரத்தில் இருக்கட்டும். ஓட்டுநர்கள் உட்பட யாரும் கேட்காமல் உட்காரக்கூடிய நீண்ட கல்திண்ணை வெளிப்பக்கம் முழுக்க ஓடட்டும்.

அந்த வாசலை வட்டமாக, தூணில்லாமல், படி வைக்காமல் விடுங்கள். வள்ளி கும்மி மேடையில் நின்று ஆடும் ஆட்டமன்று. சுற்றி வந்து கைகொட்டி ஆடுவது. அதைக் கற்றுக்கொடுத்தே வாழ்ந்த தேக்கம்பட்டி பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்த பிறகும், விழா அரங்குகளில் கும்மிக்காரர்களை இருபதடி மேடையில் நெருக்கி நிற்க வைக்கிறோம். பெருஞ்சலங்கையாட்டத்துக்கும் அந்த வெளிதான் வேண்டும். அங்கே கம்பளம் விரித்துவிடாதீர்கள், சலங்கை ஒலி எழும்பாது.

மேல்காற்று:
கட்டமைப்புப் பொறியாளர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடப்பதால், வைகாசிக் கடைசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே புகுந்து காங்கயம் வரை வீசும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. மரபு என்று அகன்ற தாழ்வாரக் கூரையைச் சீமை ஓட்டில் மேற்குப் பார்த்து நீட்டினால், அடியில் புகும் காற்றும் மேலே ஏற்படும் உறிஞ்சலும் சேர்ந்து விளிம்பு ஓடுகளை முதலில் பெயர்த்துவிடும். நான் மேற்பார்த்த ஒரு மண்டபத்தில் ஆடி மாதத்தில் ஒரே இரவில் இரண்டு வரிசை போயிற்று. ஓடு வேண்டுமானால் ஒவ்வொன்றையும் கம்பியால் கட்டுங்கள். கழிப்பறை, கிடங்கு, மின்னாக்கி அறை ஆகியவற்றை மேற்கே தடுப்பாக நிறுத்தி, கூடத்தின் கிழக்குச் சுவரில் உயரத்தில் திறப்பு விட்டால், அதே காற்று உள்ளேயுள்ள சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அரங்குக்கு எப்படியும் குளிர்சாதனம் வேண்டும்; கூடத்துக்கும் ஆசாரத்துக்கும் ஆண்டில் பாதி நாள் அது தேவைப்படாது.

மழையையும் கணக்கில் எடுங்கள். 40,000 சதுர அடிக் கூரையில் 600 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 22 லட்சம் லிட்டர். சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் பிரித்து, ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்கு வழியும்படி நொய்யலை ஆண்டவர்களின் ஊர் இது. தண்ணீரைக் குழாயில் மறைக்காமல், தொட்டிக்குத் தொட்டி வழிய விடுங்கள்.

கூடுதுறை:
பவானியில் தறி வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். அரங்கின் பக்கச் சுவர்களுக்கு எதிரொலியைக் குறைக்கும் பலகைகள் எப்படியும் வாங்குவீர்கள். தடித்த பருத்தி ஜமக்காளத்தைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளித் தொங்கவிட்டால் பேச்சொலியின் எதிரொலியை நன்றாகவே அடக்கும். தீப்பற்றாத பூச்சு மட்டும் கட்டாயம் கொடுக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைப் பார்த்ததும் வந்தவருக்கு ஊர் தெரிந்துவிடும். ஆனால் ஒப்பந்தத்தில் "கைத்தறி" என்று எழுதி, நெய்தவரிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ நேராக வாங்குங்கள். 2005-06இலேயே புவிசார் குறியீடு கிடைத்த பொருள் இது. இருந்தும் ஒரு பெரிய மண்டபத்துக்கு என் சித்தப்பாவிடம் மாதிரி வாங்கிப் போனவர்கள், கடைசியில் விசைத்தறித் துணியை மாட்டிவிட்டுப் பெயர்ப்பலகையில் "பவானி ஜமக்காளம்" என்று எழுதினார்கள்.

நொய்யல்கரை:
மூவருக்கும் நன்றி. வட்ட வாசலையும் மேற்குத் தடுப்பையும் நேற்றே வரைந்து பார்த்தேன், பொருந்துகிறது. காளைச் சிலையை மட்டும் குழுத் தலைவர் விடமாட்டார் போலிருக்கிறது.

திண்ணைவாசி:
சிலை இருந்துவிட்டுப் போகட்டும். அதைச் சுற்றிப் புல்தரை போட்டுத் தினமும் தண்ணீர் பாய்ச்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காங்கயம் மாடு மேய்ந்தது கொறங்காட்டில்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே நிழலுக்கு வெள்வேலமரம். வண்டி நிறுத்துமிடம் முழுவதையும் அப்படியே அமைத்துவிடலாம். கிளுவைப் போத்தை மழைக்கு முன் வெட்டி நட்டால் போதும், தழைத்துவிடும். உங்கள் நிலத்தின் தென்கோடியில் பழைய வேலி இன்னும் நிற்கிறதா என்று, மண் தள்ளும் இயந்திரம் வருவதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள்.